வெயில்ல நிறுத்தாதீங்க

கண்ணாடி மறுபடியும் திரும்பியிருந்தது.

விடிந்தும் விடியாத நேரம். வேலைக்குக் கிளம்பி வந்து, பையை முன்சீட்டில் எறிந்துவிட்டு ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்தவள், வண்டியைக் கிளப்பும் முன்பு வழக்கம்போல் தலையை நிமிர்த்தினாள். நெற்றிக்கு மேலே இருக்கும் அந்தச் சின்னக் கண்ணாடியில் பின்னால் உள்ள தெரு தெரிய வேண்டும். தெரிந்தது பின்சீட்டு. அதுவும் முழுசாக இல்லை. இடது ஓரத்தில் வார் போட்டுக் கட்டியிருந்த குழந்தை சீட் மட்டும், யாரோ அளவெடுத்துத் திருப்பி வைத்த மாதிரி சரியாக நடுவில் தெரிந்தது. நேற்று இறங்கும்போது அவள் தன் கையாலேயே நேராக்கிவிட்டு இறங்கிய கண்ணாடி.

"இந்த மனுஷனுக்கு ஒரு பொருளை வச்சது வச்ச மாதிரி விடத் தெரியாது" என்று முனகிக்கொண்டே திருப்பினாள். புருஷன் மேல் பழியைப் போடுவதில் ஒரு சௌகரியம், மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் அவன் மூன்று நாளாக இந்த வண்டியைத் தொடவே இல்லை என்பது தெருமுனை திரும்பும்போது ஞாபகம் வந்தது. ஞாபகத்தை வந்த வழியே அனுப்பிவிட்டாள். அன்றைக்கு வார்டில் இரண்டு பேர் லீவு.

அலுப்பைப் பற்றிப் பேசாமல் அந்த வீட்டைப் பற்றிப் பேச முடியாது. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எவனாவது இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டால் இவன் கை கழுவாமல் ஓட வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் மூன்று வயதுச் சிட்டு. புருஷனும் பெண்டாட்டியும் முழுசாகப் பேசிக்கொள்வது வாசற்படியில்தான், ஒருத்தர் உள்ளே வரும்போது ஒருத்தர் வெளியே போகும்போது. மற்றதெல்லாம் போனில் மெசேஜ்.

இருந்த ஒரே வண்டி, சிட்டுவுக்கு மூச்சிரைப்பு வந்த ஒரு சாயங்காலம் நடுரோட்டில் படுத்துவிட்டது. குழந்தையின் உதடு நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே, போகிற வண்டிகளை எல்லாம் அவள் கை நீட்டி மறித்தாள். கடைசியில் பால் வேன்காரர் ஒருவர் நிறுத்தினார். "இன்னும் பத்து நிமிஷம் ஆகியிருந்தா" என்று ஆரம்பித்த டாக்டர், அவளும் அதே ஆஸ்பத்திரிக்காரி என்று கண்டுகொண்டு மீதியை முழுங்கிவிட்டார். அந்தப் பத்து நிமிஷம் அவள் நெஞ்சில் முள்ளாக நின்றது. எப்படியாவது, எந்த ஓட்டையாவது, இன்னொரு வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்தாள்.

அப்படித்தான் இது வந்தது. விற்றவர் அச்சகக்காரர்; விரல் இடுக்கெல்லாம் மை. துணி போட்டு மூடி நிறுத்தியிருந்த வண்டியைக் காட்டினாரே தவிர, பேச்சு முடிகிறவரை அதன் பக்கம் அவர் திரும்பவில்லை. வெள்ளை வண்டி, அவ்வளவாக ஓடாதது, விலையோ கேட்டால் சிரிப்பு வரும். பின்சீட்டில் பழைய குழந்தை சீட் ஒன்று கட்டியே இருந்தது.

"அதையும் எடுத்துக்கோங்க" என்றார். "கழட்ட வரல."

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? அவளுக்குச் சந்தோஷம்தான்.

"எங்களுக்கும் இது ரெண்டாவது வண்டிதாம்மா. ஆத்திர அவசரத்துக்குன்னு வாங்கினது" என்றார் அவர். "ரெண்டு வண்டி இருந்தா ஒரு வம்பு பாருங்க. அவ எடுத்துட்டுப் போனான்னு நானு, நான் எடுத்துட்டுப் போனேன்னு அவ..."

பேச்சைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார். சாவியைச் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். வீட்டு ஜன்னலுக்குள்ளே ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கடைசிவரை திரும்பவில்லை. வண்டி நகரும்போது அச்சகக்காரர் கூடவே நாலடி ஓடிவந்து, மை படிந்த விரலால் ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார்.

"வெயில்ல மட்டும் நிறுத்தாதீங்க" என்றார்.

பெயிண்ட் போய்விடும் என்று சொல்கிறார் போல. "நல்ல மனுஷன்" என்றான் அவள் புருஷன். வண்டிக்கு ஸ்டெப்னி என்று பெயரும் வைத்தான். மாற்றுச் சக்கரத்தைச் சொல்வது போக அந்த வார்த்தைக்கு ஊரில் சின்னவீடு என்று இன்னொரு பொருளும் உண்டு என்பதால், "உன் வீட்டுக்காரருக்கு ஸ்டெப்னி வந்தாச்சாமே" என்று தலைமை நர்ஸ் ஒரு வாரம் ஓட்டித் தள்ளினாள்.

அந்த வீட்டில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. சீட் எந்த வண்டியிலோ, சிட்டு அந்த வண்டியில். ஒரு வண்டி இருந்த காலத்திலும், அவன் கம்பெனி வேனை ஓட்டிவந்த நாட்களிலும், குழந்தையை க்ரெச்சில் விடுகிறவர் யாரோ அவர் வண்டியில் முந்தின நாளே சீட்டை மாட்டிவிடுவார்கள். வாயால் சொல்ல வேண்டியதே இல்லை. தூக்கக் கலக்கத்திலும் தப்பாத ஏற்பாடு. இப்போது இரண்டு வண்டியிலும் ஆளுக்கொரு சீட். சட்டம் செத்துப்போனது இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

கண்ணாடிக்குப் பிறகு ஜன்னல். பின்பக்கத்து இடது ஜன்னலை அவள் முழுசாக ஏற்றிவிட்டு இறங்குவாள். வந்து பார்த்தால் இரண்டு விரல் இறங்கியிருக்கும். "ஒயரிங் கோளாறு" என்றான் அவன், ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்தபடி. வாசனையும் ஒன்று இருந்தது. காலையில் தெரியாது, வண்டி கொஞ்சம் சூடேறினால் போதும், புளித்த பாலும் காய்ந்த பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாடை பின்னாலிருந்து மெல்ல வந்து அவள் கழுத்தோரம் நிற்கும். சீட்டின் மடிப்புக்குள் கை விட்டுத் துடைத்தபோது ஒரு சாக்ஸ் கிடைத்தது. ஒற்றை. நீலம். உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு. அதைக் குப்பையில் போட மனசு வராமல் முன்பக்க டப்பாவுக்குள் வைத்தாள்.

பிறகு அந்தக் கைத்தடங்கள். இடது ஜன்னலின் உள்பக்கம், கீழ் ஓரத்தில், சின்னச் சின்னதாக. சிட்டுவுடையதுதான் என்று ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். மறுநாளும் இருந்தன. சிட்டு அந்த வாரம் முழுக்க அப்பா வண்டியில்தான் போய்வந்தாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆனால் அரளுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. எட்டு மணி நேரம் நின்ற காலோடு வந்து, சமைத்து, துவைத்து, குழந்தைக்கு மூச்சு மருந்து கொடுத்துப் படுக்கிறவளுக்குப் பயப்பட நேரம் ஒதுக்க முடியவில்லை. வண்டி கிளம்புகிறதா? கிளம்புகிறது. ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை. அது போதும்.

ஒரு சாயங்காலம் மட்டும், க்ரெச்சிலிருந்து திரும்பும்போது, பின்னால் அந்தப் பழைய சீட்டில் இருந்த சிட்டு யாரிடமோ சிணுங்கினாள்.

"இடிக்காத."

"யாரும்மா இடிக்கறா?"

"இவன்." சிட்டு எதையோ கேட்பவள் போல் பக்கவாட்டில் தலையைச் சாய்த்தாள். "அம்மா, இவன் எறங்கணுமாம். என்னைய இங்க உக்காரச் சொல்றான்."

அவள் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள். கிளம்பும்போது தெருவைக் காட்டிய கண்ணாடி. இப்போது அதில் சிட்டுவின் முகமும், சிட்டுவின் தோளுக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லாத இடமும் தெரிந்தன. அந்த ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துச் சிட்டு தலையாட்டினாள்.

அன்றைக்கு அவள் பயந்தாள். நன்றாகவே பயந்தாள். வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னபோது அவன் அவள் முகத்தைப் பார்த்து, "நீ கடைசியா எப்ப தூங்கின?" என்று கேட்டான். கோபமாகக்கூட இல்லை, பரிவாகத்தான். அவள் சிட்டுவின் மூச்சு மருந்தை எடுக்கப் போனாள். வேறு வண்டி வாங்க வழி இல்லை. அதற்குப் பிறகு தனியாக ஓட்டும்போது பின்னால் சின்னப் பெருமூச்சு மாதிரி, வார் உரசுகிற மாதிரி ஏதாவது கேட்டால், அவள் திரும்புவதில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்து ஓட்டக் கற்றுக்கொண்டாள். மூன்று வாரத்தில் அது நன்றாகவே பழகிவிட்டது.

கண்ணாடிக்கும் ஒரு வழி செய்தாள். வார்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்திரியை, உடைந்த கைக்குச் சுற்றுகிற கவனத்தோடு, கண்ணாடியின் கழுத்தில் நாலு சுற்று சுற்றி ஒட்டினாள். தெரு மட்டும் தெரியட்டும்.

அன்று சாயங்காலம் சிட்டு நகப்பூச்சு பாட்டிலோடு வந்து மடியில் ஏறினாள். ரோஸ் நிறம். சிட்டுவின் இடது கையில் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். நடுவிரல் முடிவதற்குள் அவள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். பிரஷ் போர்வையில் விழுந்து கறையானது.

"இன்னும் ரெண்டு இருக்கு" என்று சிட்டு உலுக்கினாள்.

"நாளைக்கும்மா. சத்தியமா நாளைக்கு."

மறுநாள் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது அவனுக்குப் போன் வந்திருக்கிறது. பெரிய கட்டடம் ஒன்றில் லிஃப்டுக்குள் நாலு பேர். குளித்துவிட்டு வந்தபோது வாசலில் அவன் வண்டி இல்லை. சிட்டுவின் படுக்கை காலி. அவன் வண்டியில் சீட் இருக்கிறது. ஆகவே சிட்டுவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். அவள் மூளை பழைய சட்டத்தையே படித்தது. ஈரத்தலையை முடிந்துகொண்டு, இருட்டு பிரியாத வாசலில் ஸ்டெப்னியில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடி அசையாமல் நேராக இருந்தது. பிளாஸ்திரி வேலை செய்கிறது என்று ஒரு அற்பத் திருப்தி.

பாதி வழியில் பின்னாலிருந்து அந்தப் பெருமூச்சு கேட்டது. வழக்கத்தைவிடத் தெளிவாக. வார் உரசியது. தூக்கத்தில் குழந்தை செய்கிற மாதிரி, "ம்ம்" என்று ஒரு சின்ன முனகல்.

அவள் திரும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தாள். உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. ஆனாலும் திரும்பவில்லை. ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் தகரக் கூரைக்குக் கீழே இடமில்லை. கடைசி வரிசையில், வெட்டவெளியில் ஒரு இடம் கிடைத்தது. அச்சகக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. பெயிண்ட் போனால் போகட்டும் என்று பூட்டிவிட்டு ஓடினாள். வார்டின் வழக்கப்படி போனையும் சாவியையும் லாக்கரில் போட்டுவிட்டு வேலையில் இறங்கினாள். மருந்து, ஊசி, கட்டு, படுக்கை விரிப்பு. ஜன்னலுக்கு வெளியே வெயில் ஏறுவதை இரண்டு தடவை பார்த்தாள். "என்னா காய்ச்சு காய்ச்சுது" என்று ஒரு நோயாளியிடம் சொன்னதும் அவள்தான்.

உச்சிவேளைக்கு வார்டு போன் அடித்தது. தலைமை நர்ஸ் அவளைக் கூப்பிட்டு ரிசீவரை நீட்டினாள். அவன்தான்.

"ஏம்மா, சிட்டுவ க்ரெச்சுல விடலையா? உடம்பு சரியில்லையான்னு கேக்கறாங்க."

"உங்க கூடத்தானே வந்தா?"

அந்தப் பக்கம் அவன் குரல் உயர்ந்தது.

"நான் ஸ்டெப்னில வச்சேன். நல்லாத் தூங்கிட்டிருந்தா, எழுப்பல, அந்தச் சீட்லயே வச்சுக் கட்டினேன். நீ குளிச்சிட்டிருந்த. மெசேஜ் போட்டேனே? நீ பாக்கல? ஏய், சொல்லு, நீ பாக்கல?"

அவ எடுத்துட்டுப் போனான்னு நானு, நான் எடுத்துட்டுப் போனேன்னு அவ.

அச்சகக்காரர் பாதியில் விட்டதன் மீதி அவளுக்கு இப்போது கேட்டது. ஜன்னலுக்குள் திரும்பாத அந்த முதுகும் புரிந்தது. ரிசீவர் கையிலிருந்து நழுவித் தொங்கியது.

படிக்கட்டு. வராந்தா. யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கதவைத் தாண்டியதும் வெயில் முகத்தில் அறைந்தது. பாதி தூரம் ஓடிய பிறகுதான் சாவி லாக்கரில் இருப்பது நினைவுக்கு வந்தது. திரும்பி ஓட முடியாது. பூச்செடி ஓரத்தில் கிடந்த ஒரு கருங்கல்லைத் தூக்கிக்கொண்டாள். ஆறு மணி நேரம். ஆறு மணி நேரம் அந்த வெயிலில். எத்தனை நிமிஷத்தில் என்ன ஆகும் என்று அவளுக்குப் பாடமாகத் தெரியும். தெரிந்ததற்காகத் தன் தலையிலேயே அந்தக் கல்லைப் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

கடைசி வரிசை. வெள்ளை வண்டி.

வண்டிக்கு வெளியே, பின்சக்கரத்தின் ஓரம் விழுந்திருந்த சாண் அகல நிழலில், சிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

வெறுங்காலோடு. இரவு உடுத்திப் படுத்த அதே கவுன். அழவில்லை. தார் கொதிக்கிற தரையில் காலை மாற்றி மாற்றிக்கூட வைக்காமல் சும்மா நின்றாள்.

கல் கையிலிருந்து விழுந்தது. அவள் குழந்தையை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே முட்டி போட்டுக் கதறினாள். உயிர் இருக்கிறது. அசைகிறது. கை கால் எல்லாம் சில்லென்று இருக்கிறது, தண்ணீர்ப் பானைக்குள்ளிருந்து எடுத்த மாதிரி. கொதிக்கவில்லை, அது போதும்! வண்டிக் கதவுகள் நாலும் பூட்டியிருந்தன. எப்படி இறங்கினாள்? வாரை அவிழ்க்க அவளுக்குத் தெரியாதே. யார் இறக்கிவிட்டது?

அப்போது அவளுக்கு எல்லாம் விளங்கியது போலிருந்தது. கண்ணாடியைத் திருப்பித் திருப்பி வைத்தது ஏன்? பின்னால் பார் என்று சொல்லத்தான். ஜன்னலை இரண்டு விரல் இறக்கியது? காற்றுக்காகத்தான். தனக்கு நடந்தது இன்னொரு பிள்ளைக்கு நடக்கக் கூடாது என்று அந்தப் பச்சைக் குழந்தை இத்தனை நாளாகத் தவித்திருக்கிறது. அவள்தான் பிளாஸ்திரி போட்டு அதன் வாயைக் கட்டினாள்.

"நீ நல்லா இருக்கணும் கண்ணு" என்றாள் வண்டியைப் பார்த்து, சத்தமாக, யார் கேட்டால் என்ன என்று. "நீ எந்த வீட்டுப் பிள்ளையோ. எம் புள்ளைய இறக்கி விட்டியே. நீ நல்லா இருக்கணும்."

எழுந்து நின்று சிட்டுவின் கையை எடுத்து முத்தமிட்டாள். இடது கை. ஒவ்வொரு விரலாக.

கட்டை விரல். ஆள்காட்டி விரல். நடுவிரல்.

நகங்கள் வெறுமையாக இருந்தன.

உதட்டை எடுக்காமல் அவள் அப்படியே நின்றாள். அழிந்திருக்கும். சுரண்டியிருப்பாள். வலது கையாக இருக்கும். வலது கையைப் பிரித்துப் பார்த்தாள். அதிலும் இல்லை. ரோஸ் நிறத்தின் ஒரு பொட்டுக்கூட இல்லை. அப்போதுதான் வாடை வந்தது. புளித்த பால். காய்ந்த பிளாஸ்டிக். வண்டியிலிருந்து இல்லை. தன் தோளில் சாய்ந்திருந்த தலைமுடியிலிருந்து.

வண்டியின் கண்ணாடிகள் உள்பக்கம் வெள்ளையாகப் பனித்திருந்தன. இடது பக்கத்து ஜன்னலில் மெதுவாக ஒரு தட்டல். மறுபடியும். பனிப்புக்கு நடுவில் ஒரு சின்ன உள்ளங்கை பதிந்து, வழுக்கி, இறங்கியது.

ஜன்னல் இரண்டு விரல் இறங்கியது.

அந்த இடுக்கில் விரல்கள் வெளியே வந்தன. மூன்று விரல். மூன்றிலும் ரோஸ் நிறம். நடுவிரலில் பாதிதான் பூசியிருந்தது.

"அம்மா" என்றது உள்ளே. மூச்சிரைத்தது. "அம்மா, தண்ணி."

கல் அவள் காலடியில்தான் கிடந்தது. குனிந்தால் எடுத்துவிடலாம். அவள் குனியப் பார்த்தாள். கழுத்தைச் சுற்றியிருந்த சில்லிட்ட கைகள் இறுகின. மூன்று வயதுக் கைகளுக்கு அவ்வளவு பலம் கிடையாது. முதுகு வளையவில்லை. மூச்சு முட்டியது. வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை.

ஜன்னல் கண்ணாடி மெல்ல ஏறத் தொடங்கியது. விரல்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன.

அவள் காதோரம், தூக்கம் கலைந்த குழந்தையின் அலுப்போடு, அந்த வாய் முதல் தடவையாகப் பேசியது.

"வீட்டுக்குப் போலாம்மா."